குழந்தைக்கு இடம் எங்கே?

26 வாரம். உழைக்கும் தாய்க்குப் பிரசவ விடுப்பாக நமது நாட்டுச் சட்டம் கொடுத்திருக்கும் காலம் இது. யாரும் இனாமாகக் கொடுத்ததல்ல. 1929ல் பம்பாய் மாகாணத்திலும், 1934ல் சென்னை மாகாணத்திலும் பிரசவ உதவிச் சட்டங்கள் வந்தன. 1961ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. அதில் இருந்த 12 வாரம், 2017ல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 26 வாரமாயிற்று. இ.எஸ்.ஐ.யில் பதிவான பெண் தொழிலாளிக்கு அந்தக் காலத்து வருமானமும் அந்த நிதியிலிருந்தே கிடைக்கிறது. நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் 26 வாரம் முடிந்த மறுநாள் காலை தாய் வேலைக்குப் புறப்படுகிறாள். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? பிரசவத்துக்கு முன்னால் எடுத்த வாரங்களைக் கழித்தால் அதற்கு ஆறு மாதம்கூட நிறைந்திராது. குப்புறக் கவிழக் கற்றிருக்கும், உட்காரத் தெரியாது. இந்தக் கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. சர்க்கார் ஒரு பதில் வைத்திருக்கிறது. இரண்டு பதிலும் தாம்பரம் பகுதித் தொழிலாளியின் வீட்டு வாசல்வரை வந்து சேரவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

தாம்பரம் ஒருகாலத்தில் காசநோய் ஆஸ்பத்திரியாலும் கிறிஸ்துவக் கல்லூரியாலும் பெயர் பெற்ற ஊர். 1931ல் கடற்கரையிலிருந்து புறப்பட்ட மின்சார ரயில் வந்து நின்ற கடைசி ஸ்டேஷன். 1984ல் சானடோரியம் அருகே மத்திய சர்க்காரின் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் தொடங்கியபின், பெண்கள் அணி அணியாக வேலைக்கு வந்து இறங்கும் ஊராகவும் ஆயிற்று. ஆயத்த ஆடை தைக்கும் பெண், மின்னணுப் பலகையில் கண்ணை வைத்துப் பற்றவைக்கும் பெண், பெட்டி கட்டும் பெண். கூடுவாஞ்சேரியிலிருந்தும் ஊரப்பாக்கத்திலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் படப்பையிலிருந்தும் வருகிறார்கள். ஏற்றுமதிக் கணக்கில் இவர்களுடைய உழைப்பு டாலராகப் பதிவாகிறது. இவர்கள் வீட்டில் விட்டுவந்த குழந்தை எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை.

அந்தக் குழந்தை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஊரில் இருக்கிறது. விழுப்புரம் பக்கமோ திருவண்ணாமலை பக்கமோ பாட்டியிடம். பால் மறப்பதற்கு முன்பே பஸ் ஏற்றி அனுப்பப்பட்ட குழந்தை அது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும் தாயை அது ‘அத்தை’ என்று அழைத்தால் யாரைக் குறை சொல்வது? பாட்டிக்கும் வயதாகிறது, அவளும் நூறு நாள் வேலைக்கோ, ஆடு மாடு மேய்க்கவோ போகிறவள்தான். சில வீடுகளில் ஊருக்கு அனுப்ப மனமில்லாமல் கணவன் இரவு ஷிப்டும் மனைவி பகல் ஷிப்டும் வாங்கிக்கொள்கிறார்கள். வாசற்படியில் குழந்தையைக் கைமாற்றிக் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை பேசிக்கொள்வதுதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. தகப்பன் தூங்குவானா, குழந்தையைப் பார்ப்பானா? தூக்கம் கெட்ட கண்ணோடு இரவில் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவனுக்கு விரல் போனால் அது ‘கவனக்குறைவு’ என்று பதிவாகும். இன்னும் சில வீடுகளில் மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாள். பத்து வயதுக்காரி இடுப்பில் தம்பி. 6 வயது முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்று 2009ல் சட்டம் இயற்றிய நாட்டில், அந்த உரிமையைத் தின்றுகொண்டிருப்பது ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இடம் இல்லாமைதான்.

காசு கொடுத்தால் இடம் இருக்கிறது. குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் சுவரில் கரடிப் பொம்மை வரைந்த ‘பிளே ஸ்கூல்’கள் தெருவுக்குத் தெரு உண்டு. மாதம் பன்னிரண்டாயிரமோ பதினைந்தாயிரமோ சம்பாதிக்கிறவள், வீட்டு வாடகை கொடுத்து, ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்து, மிஞ்சியதை அங்கே கட்டிவிட்டால் எதற்காக வேலைக்குப் போக வேண்டும்? ஆகவே அவளே கணக்குப் போட்டுப் பார்த்து வேலையை விடுகிறாள். நிர்வாகத்துக்கும் அது சௌகரியம். சர்வீஸ் உள்ளவள் போய், கல்யாணமாகாத புதுப்பெண் குறைந்த கூலிக்கு வருவாள். ‘பெண்கள் தாமாகவே நின்றுவிடுகிறார்கள்’ என்று பர்சனல் ஆபீசர் சொல்வது இதைத்தான்!

சட்டம் என்ன சொல்கிறது? 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்பது 1948ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் கட்டளையாக இருந்தது. 2017ம் வருடத்துத் திருத்தம், 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமானாலும் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளைக்கு இரண்டு இடைவேளை என்பது முன்பே இருந்த உரிமை. ஏட்டில் குறைவில்லை.

ஏட்டை ஏமாற்றும் வித்தையும் முதலாளிகளுக்குத் தெரியும். முப்பது என்று சட்டம் எழுதினால் இருபத்தொன்பதோடு ஒரு பட்டியலை முடித்து, மிச்சப் பேரைக் காண்டிராக்டரின் பெயரில் எழுதுவது பழைய வித்தை. காப்பகம் என்று ஒரு பூட்டிய அறை, அதில் பிளாஸ்டிக் குதிரை ஒன்று, இன்ஸ்பெக்டர் வரும் அன்றைக்கு மட்டும் திறப்பு: இதுவும் தொழிற்சங்கக்காரர்கள் பல ஊர்களில் கண்ட காட்சிதான்.

இப்போது அந்த ஏடும் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமுலுக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலைச் சட்டத்தின் 30 பெண்கள் என்ற கணக்கு போய்விட்டது. 50 பேர் என்ற கணக்கு நிற்கிறது. நாற்பது பெண்களும் ஐந்து ஆண்களும் வேலை செய்யும் ஒரு சிறு தையல் ஆலையை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை அங்கே காப்பகம் கேட்கச் சட்டம் இருந்தது. இன்று இல்லை. சிறு சிறு ஆலைகளாகப் பிரிந்து கிடக்கும் நமது பகுதியில் இது அற்ப விஷயமல்ல. ஆண்களையும் சேர்த்து எண்ணியதில் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்க மாட்டோம். குழந்தை தாய்க்கு மட்டும் சொந்தமல்ல. ஆனால் எண்ணிக்கையில் தகப்பனைச் சேர்த்த சட்டம், நான்கு முறை போய்ப் பார்க்கும் அனுமதியைத் தாய்க்கு மட்டும்தான் எழுதியிருக்கிறது. முதலாளிக்கு விலக்குத் தருவதற்குத் தகப்பன் தேவைப்பட்டான். குழந்தையைத் தூக்குவதற்குத் தேவைப்படவில்லை!

ஆனால் சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை இந்த எண்ணிக்கை அல்ல. ஆலைக் கேட்டில் தலையை எண்ணித்தான் காப்பகம் என்ற அந்த முறையே ஓட்டை. கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு, காலை ஏழரை மணி மின்சார ரயிலில், கால் வைக்க இடமில்லாத பெண்கள் பெட்டியில், கூடுவாஞ்சேரியிலிருந்து சானடோரியம் வரை ஒருத்தி வர முடியுமா? மாலையில் அதே நெரிசலில் திரும்ப முடியுமா? மழைக்காலத்தில்? ஆலைக்குள் நல்ல காப்பகமே இருந்தாலும் பலருக்கு அது எட்டாது. காப்பகம் வேலையிடத்தின் அருகே அல்லது தொழிலாளியின் குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கலாம் என்று 2018ல் மத்திய சர்க்காரே வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த ‘அல்லது’ என்ற சொல்லை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

கேட்டே இல்லாதவர்கள் கதி என்ன? பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் கண்ணகி நகருக்கும் போய்ப் பாருங்கள். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்த ஜனங்களை நகரத்தின் விளிம்புக்குக் கொண்டுவந்து, 2000ம் வருடத்திலிருந்து அடுக்கடுக்காக வீடு கட்டி வைத்தார்கள். வீடு கிடைத்தது, வேலை பழைய இடத்திலேயே இருந்தது. ஆகவே பெண்கள் விடியற்காலையில் பஸ் பிடித்து மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் பாத்திரம் தேய்க்கப் போகிறார்கள். முன்பு குடிசை பக்கத்தில் இருந்ததால் நடுவில் ஓடிவந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போக முடிந்தது. அக்கம்பக்கத்தில் பெரியம்மா, சித்தி என்று சொந்தம் இருந்தது. அடுக்குமாடியில் யார் எந்த மாடிக்குப் போவது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது, சொந்தங்கள் சிதறிப்போயின. எட்டு அடுக்குக் கட்டடத்தின் மேல்மாடியில், வெளியே தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால், மூன்று வயதுக் குழந்தை ஒரு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நிலைமை வரலாமா? அந்தத் தாய் வேலை செய்யும் நான்கு வீடுகளில் எந்த வீட்டில் 50 பேர் வேலை செய்கிறார்கள், காப்பகம் கேட்க?

கட்டட வேலை செய்யும் பெண்ணுக்கும் இதே கதிதான். பழைய மாமல்லபுரம் சாலை நெடுக எழும்பும் கண்ணாடி மாளிகைகளில், ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் குழந்தைகள் ஜல்லிக் குவியலில் விளையாடுகின்றன. இதற்கும் 1996ம் வருடத்திலேயே சட்டம் போட்டார்கள்: 50 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம். மறுபடியும் தலை எண்ணிக்கை!

சர்க்காரின் பதில் அங்கன்வாடி. அதை நாம் இளக்காரமாகப் பேச மாட்டோம். 1975 அக்டோபர் 2ந் தேதி 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களாக விரிந்திருக்கிறது. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது இரண்டு வயதுக் குழந்தைக்கும் அங்கே சுடுசோறு கிடைத்தது. பின்னால் முட்டையும் சேர்ந்தது. ஏழைக் குழந்தைகளின் உயிரைக் காத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அங்கே சத்துமாவுப் பொட்டலம் கிடைக்குமே தவிர இடம் கிடைக்காது. இடம் கிடைக்கும் பெரிய குழந்தைக்கும் பிற்பகலில் கதவு மூடிவிடும். ஐந்து மணிக்கு ஷிப்டு முடித்து ஆறரைக்கு வீடு சேரும் தாய்க்கு அது பாதிப் பதில்தான்.

2022லிருந்து ‘பால்னா’ என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கும் திட்டம் ஒன்று மத்திய சர்க்காரிடம் இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை முதல் சேர்க்கலாம். நேரம்? நாளைக்கு ஏழரை மணி நேரம். எட்டு மணி நேர வேலை, நடுவில் அரை மணி சாப்பாடு, போக ஒரு மணி, வர ஒரு மணி. கூட்டிப் பாருங்கள், பத்தரை மணி. மிச்சமுள்ள மூன்று மணி நேரம் குழந்தையை எங்கே வைப்பது என்று திட்டம் தீட்டிய அதிகாரிகள் யாரேனும் தங்கள் வீட்டு ஆயாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவைத் தமிழகச் சட்டசபை நிறைவேற்றியதும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டதும் நினைவிருக்கும். அது நின்றிருந்தால் கணக்கு பதினான்கரை மணி ஆகியிருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். அங்கன்வாடியை மாலைவரை திறந்து வை என்று கேட்கும்போது, அங்கே இருக்கும் அதே இரண்டு பெண்கள்மேல் இன்னும் மூன்று மணி நேரத்தை ஏற்று என்று நாம் கேட்கவில்லை. அவர்களும் பிள்ளை பெற்றவர்கள். அவர்களுக்கு மத்திய சர்க்கார் தருவது சம்பளம்கூட அல்ல, ‘மதிப்பூதியம்’. 2018 அக்டோபரில் அது ஊழியருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று நிர்ணயமாயிற்று. அதற்குமேல் மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது. சமைப்பது, பாடம் சொல்வது, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளின் வீடு தேடிப் போவது, இத்தனைக்கும் மேலே செல்போன் செயலியில் படம் பிடித்து ஏற்றுவது. இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013ல் இந்தியத் தொழிலாளர் மாநாடே பரிந்துரைத்தது. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2025ல் தமிழக சர்க்கார் நிரப்ப முன்வந்த காலியிடங்கள் மட்டும் 7,783. இத்தனை இடம் காலியாகக் கிடக்கும்வரை ஒரு ஊழியர் இரண்டு மையங்களைச் சுமந்தார் என்பதுதானே அதன் பொருள்? மாலை ஷிப்டுக்குத் தனி ஊழியர், தனி ஆயா, ஊதியம் முழு ஊதியம். இது இல்லாமல் நேரத்தை மட்டும் நீட்டுவது ஒரு தாயின் சுமையை இறக்கி இன்னொரு தாயின் தலையில் வைப்பதாகும்.

பணம் எங்கே என்பார்கள். எப்போதும் அப்படித்தான் சொன்னார்கள். 1920ல் சென்னை மாநகராட்சி, தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஓரணாச் செலவு. அந்தச் செலவை அன்னிய சர்க்கார் ஒப்புக்கொள்ளாததால் சில வருடங்களில் அது நின்றது. 1956ல் காமராஜர் ஆட்சியில் மாநிலம் முழுவதும் வந்தது. 1982ல் விரிந்தது. 2001ல் சுப்ரீம் கோர்ட் இந்தியா முழுவதற்கும் கட்டளையிட்டது. ஒரு மாநகராட்சி ஒரு பள்ளிக்கூடத்தில் ஏற்றிய அடுப்பு அது. 2021 நவம்பரில் பிறந்த தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள் இருக்கின்றன. அந்த அடுப்பு போல ஒரு தொட்டிலை அது கட்டக் கூடாதா?

முதலாளித்துவத்துக்கு இது முடியாத காரியமுமல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்காவில் போர்ட்லாண்டு நகரத்துக் கப்பல் தளங்களுக்குப் பெண் கைகள் தேவைப்பட்டன. 1943ல் தள வாசலிலேயே கெய்ஸர் கம்பெனியின் காப்பகங்கள் திறந்தன. இரவு ஷிப்டுக்கும் இடம் உண்டு. வேலை முடிந்து போகும் தாய் வீட்டுக்கு எடுத்துப் போகச் சமைத்த உணவு கூட அங்கே தயாராயிருந்தது! 1945ல் யுத்தம் முடிந்தது, காப்பகங்களை மூடினார்கள். கப்பல் தேவைப்பட்டபோது பணம் இருந்தது. அதே நூற்றாண்டில் சோவியத் நாட்டில் 1919லேயே லெனின், குழந்தைக் காப்பகத்தையும் பொதுச் சமையலறையையும் பெண் விடுதலையின் முளைகள் என்று எழுதினார், யுத்தத்துக்காக அல்ல.

அவசரப்பட்டு எந்தக் கொட்டகையையும் காப்பகம் என்று பெயர் சூட்டுவதையும் ஏற்க முடியாது. 2004 ஜூலை 16ந் தேதி கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் 94 குழந்தைகள் வெந்து மடிந்ததை மறக்கவில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும் மறக்கவில்லை. ஓட்டமாகத் தூக்கிக்கொண்டு வெளியே வரத் தரைத்தளம் வேண்டும். ஆனால் வெள்ளம் ஏறாத மேட்டில் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை சித்திரையில் அடுப்பாகிவிடும், ஆகாது. பிழிந்து வைத்த தாய்ப்பாலைக் கெடாமல் வைக்க ஒரு குளிர்பெட்டி, குழந்தைக்கேற்ற கக்கூஸ், பேதி கண்டால் கரைத்துக் கொடுக்க உப்புச் சர்க்கரைப் பொட்டலம், நல்ல தண்ணீர். இவை ஆடம்பரமல்ல.

ஆகவே நாம் கேட்பது இது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் என்று தொழிலாளர் ரயில் ஏறும் இடங்களுக்கு நடை தூரத்தில், காலை ஏழு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடும் காப்பகங்கள். குழந்தையைக் கொண்டுவருகிறவள் ஆலைத் தொழிலாளியா, வீட்டு வேலை செய்கிறவளா, பூக்கட்டி விற்பவளா என்ற கேள்வியே கேட்கக் கூடாது. தாயின் மஸ்டர் ரோலில் பெயர் இருக்கிறதா என்பது குழந்தைக்குச் சம்பந்தமில்லாத விஷயம். மெப்ஸ் வளாகமும் பழைய மாமல்லபுரம் சாலைக் கம்பெனிகளும் சட்டப்படி தாம் வைக்க வேண்டிய காப்பகத்தின் செலவை இந்தப் பொது ஏற்பாட்டுக்குக் கட்டட்டும். கூட்டாக வைக்கலாம் என்று சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்குள் இல்லை. அங்கே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்தான் பதில் சொல்ல வேண்டும். இனிக் கட்டும் ஒவ்வொரு குடியிருப்பிலும் கடை, பால் பூத் என்று இடம் ஒதுக்குவதுபோல, வீட்டுச் சாவி கொடுப்பதற்கு முன்பே காப்பகத்தின் சாவியும் தயாராக இருக்க வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. போனசுக்கும் பஞ்சப்படிக்கும் பேச்சுவார்த்தை நடத்தும்போது காப்பகக் கோரிக்கை பட்டியலின் கடைசியில் எழுதப்பட்டு, முதலில் விட்டுக்கொடுக்கப்படுகிறது. ‘மாதர் பிரச்னை’ என்று அதை ஒதுக்குவது தவறு. இரவு ஷிப்டு முடித்து வந்து குழந்தையை வாங்கிக்கொள்ளும் தகப்பனும் சங்கத்தின் மெம்பர்தான். அடுத்த ஒப்பந்தத்தில் இந்தக் கோரிக்கையை மேலே கொண்டுவர வேண்டும்.

மாநகராட்சிக்கு மனுக் கொடுக்குமுன் நம் கையில் கணக்கு இருக்க வேண்டும். மாதர் சங்கத் தோழர்களும் வாசகர்களும் தங்கள் தெருவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, அவற்றில் தாய் வேலைக்குப் போகும் வீடுகள் எத்தனை, எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், குழந்தை அதுவரை யாரிடம் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி எமக்கு அனுப்புங்கள். ஊருக்கு அனுப்பிவிட்ட குழந்தைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.